கடலுக்கு அடியில் எது எங்கே: வாழிட வரைபடம் போடப் புதிதாக வருபவர்களுக்கு

திரையில் ஓரிடம் மட்டும் பளிச்சென்று வெளுத்துத் தெரிகிறது. சோனார் அனுப்பிய ஒலி அங்கே பலமாக மோதித் திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அடியில் இருப்பது பாறையா, கூழாங்கல்லா, செத்த சிப்பி ஓடுகள் குவிந்த மேடா, உயிருள்ள ஆளிச் சிப்பிப் படுகையா என்று அந்த வெளுப்பு சொல்லாது. பாறைதான் என்றாலும் அதில் கடல் விசிறியும் கடற்பஞ்சும் அடர்ந்திருக்கலாம். மொட்டைப் பாறையாகவும் கிடக்கலாம். கேமராவை இறக்கிப் பார்க்கிறவரை எல்லாம் ஊகம்தான்.

இந்த ஊகத்தையும் நேரில் பார்த்ததையும் சேர்த்துத் தைப்பதுதான் வாழிட வரைபட வேலை. ஒலி பரப்பு முழுவதையும் தடவிவிடும். ஆனால் அங்கே யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. கேமராவுக்கும் மண் அள்ளும் கருவிக்கும் அது தெரியும். ஆனால் அவை தொடுவது மொத்தப் பரப்பில் துளி. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பாதியிலேயே மயங்கி நின்றுவிடுகிறார்கள். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஆழப் படம் வந்துவிட்டால் வரைபடமே முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அது பாதிக் கிணறு தாண்டிய கதை.

உலக அளவில் அந்த முதல் பாதியே இன்னும் முடியவில்லை. கடலடி முழுவதையும் 2030க்குள் அளந்துவிட வேண்டும் என்று 2017இல் தொடங்கிய சீபெட் 2030 திட்டம், அப்போது கையில் இருந்த தரவு 6 சதவீதப் பரப்புக்குத்தான் என்று கணக்குச் சொன்னது. 2025 ஜூனில் அது 27.3 சதவீதமாக ஏறியிருந்தது. இதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. 1,500 மீட்டர் ஆழம் வரைக்கும் 100 மீட்டர் சதுரத்துக்கு ஓர் அளவு இருந்தாலே ‘அளந்தாயிற்று’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். மிக ஆழமான இடங்களில் 800 மீட்டர் சதுரத்துக்கு ஒன்று போதும். அதுவும் ஆழம் மட்டும்தான். என்ன வாழ்கிறது என்பது அந்தக் கணக்கில் வரவே வராது.

சரி, வேலைக்கு வருவோம். கரையோரத்தில் 2 கி.மீ. நீளம், 2 கி.மீ. அகலம், 5 முதல் 25 மீட்டர் ஆழம் உள்ள ஒரு சிறு பரப்பை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிறு படகு, சிறு குழு. இதைச் செய்யத் தெரிந்துவிட்டால் பெரிய கடலில் மாறுவது கருவிகளின் அளவும் செலவும்தான்.

1. கேள்வியை எழுதி ஒட்டுங்கள்

‘இந்தப் பகுதியில் என்ன இருக்கிறது’ என்பது கேள்வியே அல்ல. படகுகள் நங்கூரம் போடும் இடத்தில் கடற்புல் எவ்வளவு அழிகிறது, மின்கம்பி எந்த வழியாகப் போனால் பவளத்தைத் தொடாது, இழுவலைக்கு எந்தப் பகுதியை மூட வேண்டும் என்பது போல இருக்க வேண்டும். கேள்வி தெளிவானால் ஒரு முக்கியமான எண் தானாகக் கிடைக்கும்: உங்கள் வரைபடத்தில் காட்ட வேண்டிய மிகச் சிறிய திட்டு எவ்வளவு பெரியது? நங்கூரம் கிழித்த வடு 3 மீட்டர் அகலம் என்றால், 10 மீட்டர் சதுரத்தை ஒரு புள்ளியாகக் காட்டும் செயற்கைக்கோள் படத்தை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. இந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும்படி ஒட்டிவையுங்கள். கருவி, நேரம், பணம் எல்லாம் இதற்குக் கட்டுப்பட்டவை.

2. இருப்பதை முதலில் சேர்த்துக்கொள்ளுங்கள்

ஜெப்கோ என்ற உலகக் கடலாழ வரைபட அமைப்பு, உலக ஆழத் தரவை இலவசமாகத் தருகிறது. அதன் ஒரு கட்டம் நிலநடுக்கோட்டில் ஏறத்தாழ 450 மீட்டர். நம்முடைய 2 கி.மீ. சதுரத்துக்கு அது இருபது கட்டம்தான் வரும். பக்கத்துக் கடலின் பொதுவான சாய்வைப் புரிந்துகொள்ள மட்டும் உதவும். எந்த உயிரினம் எங்கே பதிவாகியிருக்கிறது என்று பார்க்க ஓபிஸ் என்ற உலகக் கடலுயிர்த் தரவுத்தளம் இருக்கிறது. உயிரியல் பெயர் சரிதானா, மாறிவிட்டதா என்று பார்க்க வோர்ம்ஸ் என்ற கடலுயிர்ப் பெயர்ப் பதிவேடு. ஆழ்குளிர் கடலில் மேடு மேடாக வளரும் லோஃபீலியா என்ற பவளத்தின் பேரினப் பெயரை டெஸ்மோஃபில்லம் என்று மாற்றிவிட்டார்கள். பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பெயரை மட்டும் வைத்து ஒப்பிட்டால் ஒரே பவளம் இரண்டாகிவிடும்.

பழைய கப்பல் வரைபடங்களை அலட்சியப்படுத்தாதீர்கள். ஆழ எண்களுக்கு நடுவில் சின்னச் சின்ன எழுத்துகள் இருக்கும்: எஸ் என்றால் மணல், எம் என்றால் சேறு, ஆர் என்றால் பாறை. இவற்றில் பல, ஈயக் குண்டைக் கயிற்றில் கட்டி இறக்கிய காலத்துப் பதிவுகள். அந்தக் குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். மேலே வரும்போது கொழுப்பில் மணலோ ஓட்டுத் துண்டோ சேறோ ஒட்டியிருக்கும். ஒன்றும் ஒட்டாமல் நசுங்கி வந்தால் பாறை. ஆழமும் தரையும் ஒரே இறக்கத்தில். கொழுப்பு போய் கேமரா வந்ததே தவிர, வேலை அதேதான்.

அந்தக் கடலில் தினமும் வலை போடுகிறவர்களிடம் பேசுங்கள். வலை எங்கே சிக்கிக் கிழிகிறது என்று அவர்களுக்குத் தெரியும், அங்கே பார், அதாவது கடலடிப் பாறைத் திட்டு, இருக்கும். எங்கே வலை சேறு அப்பிக் கனத்து வருகிறது என்பதும் தெரியும். அவர்கள் சொல்வதைத் தாளில் வரையச் சொல்லி, அதை ஓர் அடுக்காகச் சேர்த்துவையுங்கள். பிறகு சோனார் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது ஆச்சரியப்படுவீர்கள்.

எந்தத் தரவை எடுத்தாலும் ஒன்று கேளுங்கள்: ஆழத்தை எந்த மட்டத்திலிருந்து அளந்திருக்கிறார்கள்? கப்பல் வரைபடங்கள் பொதுவாக மிகத் தாழ்ந்த வற்றத்தின் மட்டத்தைப் பூஜ்யமாக வைப்பவை. மற்றவை சராசரிக் கடல் மட்டத்தை வைத்திருக்கலாம். இரண்டையும் அப்படியே ஒட்டினால் தரையில் இல்லாத படிக்கட்டு ஒன்று முளைக்கும்.

3. தெளிந்த ஆழமற்ற நீர் என்றால் மேலிருந்தே பாருங்கள்

சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்கள் 10 மீட்டர் துல்லியத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. தண்ணீர் தெளிவாக இருந்தால் 20 மீட்டர் வரைக்கும், சில இடங்களில் இன்னும் கொஞ்சம் ஆழம் வரைக்கும் தரை தெரியும். சிவப்பு ஒளியை முதல் சில மீட்டர் நீரே விழுங்கிவிடும்; நீலமும் பச்சையும்தான் கீழே போய்த் திரும்புகின்றன. காற்று அடங்கிய, வெயில் நீரில் பட்டுப் பளபளக்காத, ஆற்று வண்டல் கலங்காத நாளின் படமாகத் தேடுங்கள். நல்ல ஒரே படம், சுமாரான இருபதைவிட மேல்.

கருமையான திட்டு கடற்புல்லாக இருக்கலாம். பாசி மூடிய பாறை, ஆழமான குழி, உதிர்ந்த இலைக் குவியல், மேக நிழல் என்று எதுவாகவும் இருக்கலாம். வேறொரு நாளின் படத்தை எடுத்துப் பார்த்தாலே மேக நிழல் கழிந்துவிடும். மற்றவற்றுக்கு நீரில் இறங்கத்தான் வேண்டும்.

4. ஒலியால் தடவுதல்

ஒளியும் ரேடியோ அலையும் நீரில் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன. ஒலி அப்படியில்லை. கடல் நீரில் நொடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் ஓடும். எதிரொலி 0.04 நொடியில் திரும்பினால், போக வர 60 மீட்டர், ஆகவே ஆழம் 30 மீட்டர். இவ்வளவுதான் அடிப்படை.

கருவிகள் மூன்று வகை. ஒற்றைக் கற்றை ஆழமானி படகுக்கு நேர் கீழே ஒரு கோட்டை மட்டும் அளக்கும்; மலிவு. சைடு ஸ்கேன் இரண்டு பக்கமும் ஒலியை விசிறி, தரையின் தோற்றத்தைப் புகைப்படம் போலத் தரும்; ஆனால் ஆழத்தைச் சரியாகச் சொல்லாது. மல்டிபீம் நூற்றுக்கணக்கான கற்றைகளை விசிறியாக விரித்து, ஆழத்தையும் எதிரொலியின் பலத்தையும் சேர்த்தே தரும். பணமும் ஆளும் இருந்தால் மல்டிபீம். இல்லையென்றால் சைடு ஸ்கேனும் ஒற்றைக் கற்றையும் சேர்ந்த ஜோடி மோசமில்லை. நல்ல வரைபடங்கள் அதிலும் வந்திருக்கின்றன.

திட்டம் போடும்போது பலரும் தடுமாறும் இடம் ஒன்று: ஆழம் குறைந்த கடல்தான் அதிக நேரம் தின்னும். 120 பாகை விரியும் மல்டிபீம், படகின் ஒரே ஓட்டத்தில் ஆழத்தைப்போல மூன்றரை மடங்கு அகலத்தை அளக்கும். 10 மீட்டர் ஆழத்தில் அது 35 மீட்டர். ஓட்டங்கள் ஒன்றன் மேல் ஒன்று கொஞ்சம் ஏற வேண்டும் என்பதால் 28 மீட்டர் இடைவெளி என்று வையுங்கள். 2 கி.மீ. அகலத்துக்கு 71, 72 ஓட்டம், மொத்தம் 143 கி.மீ. 5 நாட் (மணிக்கு ஏறத்தாழ 9 கி.மீ.) வேகத்தில் பதினைந்தரை மணி நேரம். திரும்பும் நேரம் தனி. இதே சதுரம் 100 மீட்டர் ஆழத்தில் இருந்தால் ஏழெட்டு ஓட்டத்தில், இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். கரையோரம்தானே, அரை நாள் போதும் என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

ஓட ஆரம்பிக்கும் முன் சில காரியங்கள். படகு உருளும், முன்னும் பின்னும் ஆடும். அந்த ஆட்டத்தை அளக்கும் உணரி வேண்டும். அது சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று, தெரிந்த ஒரு சரிவின் மேல் எதிரெதிர் திசையில் ஓடிச் சோதிக்க வேண்டும். ஓதம் ஏறி இறங்குவதைப் பதிவு செய்ய வேண்டும். இவற்றையெல்லாம்விட அதிகம் மறக்கப்படுவது நீரின் ஒலி வேகம். வெப்பமும் உப்பும் மாறும் இடத்தில் ஒலி வளையும். காலையில் ஒருமுறை அளந்துவிட்டு மாலைவரை அதையே வைத்தால், வெயிலில் மேல் நீர் சூடேறியபின் கற்றைகளின் விளிம்பு மேலே மடங்கும் அல்லது கீழே தொங்கும். திரையில் ஒவ்வொரு ஓட்டமும் வாய்க்கால் போலவோ வரப்பு போலவோ தெரிந்தால் தரையில் விவசாயம் நடக்கவில்லை. ஒலி வேகத்தைத் திரும்ப அளக்க வேண்டும்.

அப்புறம், எதிரொலியின் பலத்தை வாழிடத்துக்குப் பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் கருவியின் அதிர்வெண், ஒலியின் பலம், துடிப்பின் நீளம் எதையும் நடுவில் மாற்றாதீர்கள். படம் மங்கலாக இருக்கிறதே என்று ஆர்வக் கோளாறில் யாராவது குமிழைத் திருகிவிட்டால், அந்த ஓட்டத்துக்குப் பிறகு உள்ள மணல் எல்லாம் பாறை போலத் தெரியும். ஆழம் அளப்பவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, நமக்கு உயிர்நாடி.

சைடு ஸ்கேன் படத்தில் பொருளைவிட அதன் நிழலைப் பாருங்கள். தட்டையான கூழாங்கல் பரப்பும் எழும்பி நிற்கும் பாறையும் ஒரே வெளுப்பில் தெரியலாம். நிழல் விழுவது எழும்பி நிற்பதற்குத்தான்.

ஒலி பொய் சொல்லவும் செய்யும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சோனார் சோதனை செய்தவர்களுக்கு, பல ஆயிரம் மீட்டர் ஆழமுள்ள கடலில் 300 முதல் 500 மீட்டரிலேயே ஒரு தரை தெரிந்தது. அந்தத் தரை அந்தி சாய்ந்ததும் மேலே ஏறியது, விடிந்ததும் கீழே இறங்கியது. தரை எங்கே ஏறி இறங்கும்? விளக்குமீன்களும் இறால் போன்ற சிற்றுயிர்களும் கூட்டம் கூட்டமாக இரவில் இரைக்கு மேலே வந்து பகலில் இருட்டுக்குள் இறங்குகின்றன என்று பிறகு புரிந்தது. மீனின் காற்றுப்பை ஒலியை அவ்வளவு பலமாகத் திருப்பி அனுப்பும். உங்கள் சிறு பரப்பிலும் இது நடக்கும். மீன் கூட்டம் மேடாகத் தெரியும். சேற்றில் அடைந்த வாயு அடியில் உள்ளதை மறைக்கும். கடற்புல்லின் இலையில் உள்ள காற்று தரைக்கு மேலே இன்னொரு தரையைக் காட்டும். கடைசியாகச் சொன்னதைச் சாதகமாகவே எடுத்துக்கொள்ளலாம்: இரண்டு எதிரொலிக்கும் நடுவில் உள்ள உயரம்தான் புல்லின் உயரம்.

5. மேடு, பள்ளம், கரடு

ஆழத் தரவிலிருந்து சரிவு, கரடுமுரடு, ஓரிடம் தன் சுற்றத்தைவிட மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்ற அளவு, இவற்றைக் கணக்கிடுங்கள். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளிலேயே முடியும். நீரோட்டத்தில் வரும் இரையை வடிகட்டித் தின்னும் பவளமும் கடற்பஞ்சும் மேட்டின் நெற்றியை விரும்பும். மிதந்து வரும் தூசு வண்டல் பள்ளத்தில் படியும், அங்கே புழுவும் கடல் அட்டையும் சேரும். அதனால்தான் இந்த அளவுகள். எத்தனை மீட்டர் சுற்றுவட்டத்தில் கணக்கிடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். 10 மீட்டரிலும் 100 மீட்டரிலும் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

6. இறங்கிப் பார்த்தல்

இதுதான் வேலையின் இதயம். நேரம் போதவில்லை என்று முதலில் வெட்டப்படுவதும் இதுதான். சோனார் ஓட்டத்தில் ஒரு நாள் குறைந்தாலும் பரவாயில்லை, இதில் குறைக்காதீர்கள் என்பது என் கருத்து.

எங்கே இறக்குவது? ஒலிப் படத்தைப் பார்த்து, கண்ணுக்கு வேறுவேறாகத் தெரியும் பகுதிகளைக் கையால் வட்டமிடுங்கள். நாலைந்து வகை வரும். ஒவ்வொரு வகைக்கும் குறைந்தது பத்துப் பதினைந்து புள்ளிகளைக் குருட்டாம்போக்கில், கணினியைக் கொண்டே, தேர்ந்தெடுங்கள். பாறைதான் அழகு, அங்கேதான் மீன் என்று எல்லாப் புள்ளியையும் அங்கேயே வைக்கத் தோன்றும். பிறகு சேறு என்று வரைந்த பாதிப் பரப்புக்கு ஒரே ஒரு படம்தான் இருக்கும். சலிப்பூட்டும் இடத்துக்கும் போங்கள்.

முதலில் கேமரா, பிறகுதான் மண் அள்ளி. பவளத்தின் மேலோ கடற்பஞ்சின் மேலோ கடற்புல்லின் மேலோ மண் அள்ளியைப் போட்டால், படம் வரையப் போன நாமே வாழிடத்தை உடைத்தவர்கள் ஆவோம். மாதிரி எடுக்க அனுமதி வேண்டுமா என்பதையும் முன்பே விசாரித்து வாங்கிவிடுங்கள்.

கேமராவுக்கு ஒரு சட்டம், ஒரு விளக்கு, 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு லேசர் புள்ளிகள். அந்த இரண்டு பச்சைப் புள்ளிகள் இல்லாத படத்தில் ஒரு கடற்பஞ்சு விரல் அளவா, குடம் அளவா என்று யாராலும் சொல்ல முடியாது.

நேரத்தைப் பற்றி ஒரு சொந்தக் கதை. ஆரம்பத்தில் ஒருமுறை எங்கள் கேமராவின் கடிகாரம் 7 நிமிடம் பின்தங்கியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. படகு 1 நாட் வேகத்தில் மிதந்துகொண்டிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 216 மீட்டர். பாறைப் படங்கள் எல்லாம் சேற்றின் மேலும் சேற்றுப் படங்கள் பாறையின் மேலும் போய் உட்கார்ந்தன. சோனார்தான் கெட்டுவிட்டது என்று இரண்டு நாள் சண்டை. அன்றிலிருந்து ஒவ்வொரு இறக்கத்தின் தொடக்கத்திலும் ஜிபிஎஸ் திரையைக் கேமராவால் ஒரு படம் எடுத்துவிடுவோம். நேரமும் இடமும் அந்த ஒரே படத்தில் பூட்டிக்கொள்ளும். ஜிபிஎஸ் காட்டுவது ஆன்டெனா இருக்கும் இடத்தை. கேமரா பின்னால் கயிற்றில் தொங்குகிறது. எவ்வளவு கயிறு விட்டீர்கள், எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் எழுதுங்கள்.

இப்போது மண் அள்ளி. வான் வீன் என்ற வகை அதிகம் புழங்குகிறது; இரண்டு தாடை, தரையைத் தொட்டதும் கொக்கி விடுபட்டு, இழுக்கும்போது மூடிக்கொள்ளும். ஒரு கடி 0.1 சதுர மீட்டர். மேலே வரும்போது தாடை இடுக்கில் நீர் வழிந்தால் பாருங்கள், ஒரு சிப்பி ஓடோ கல்லோ மாட்டியிருக்கும். பாதி மண் வழியிலேயே கழுவிப் போயிருக்கும். அதைக் கொட்டிவிட்டுத் திரும்பப் போடுங்கள். மூன்று முறையும் அப்படியே வந்தால் ‘மூன்று முறை தோல்வி, கல்’ என்று எழுதுங்கள். தோல்வியும் தரவுதான், அதை எழுதாமல் விட்டால் வரைபடத்தில் அந்த இடம் வெற்றிடமாகிவிடும்.

நல்ல கடி வந்தால் மேல் மூடியைத் திறந்து, கிளறும் முன் ஒரு படம். மேல் ஒரு விரற்கடை பழுப்பாகவும் அதற்குக் கீழே கறுத்தும் இருந்தால், பிராணவாயு அந்த மேல் அடுக்கோடு நின்றுவிடுகிறது என்று பொருள். முட்டை அழுகிய வாடை அடித்தால் சந்தேகமே இல்லை. கறுப்புக்குள் பழுப்பு நூல்போல இறங்கினால் அது புழுவின் வளை. மேலிருந்து நீரை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு கரண்டி மண்ணைத் துகள் அளவுக்காகத் தனியே எடுத்துவைத்துவிட்டு, மீதியை 1 மி.மீ. சல்லடையில் கொட்டி மெதுவாக நீர் விடுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் புழு துண்டாகும், மெல்லிய கைகளுள்ள நொறுங்கு நட்சத்திரம் பெயருக்கேற்ப நொறுங்கும். சேறு கரைந்து போன பிறகு சல்லடையில் மிச்சமிருப்பதை முதன்முதலில் பார்க்கிறவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். மேலிருந்து பார்த்தால் வெறும் சேறு. உள்ளே மணலை ஒட்டிச் செய்த குழாய்களில் புழுக்கள், நகக்கண் அளவு மட்டிகள், வளைந்து துள்ளும் சின்ன ஓட்டுயிர்கள்.

துகள் அளவில் இரண்டு எல்லைகளை மட்டும் மனதில் வையுங்கள்: 2 மி.மீ.க்கு மேல் சரளை, 0.063 மி.மீ.க்குக் கீழ் சேறு, நடுவில் உள்ளது மணல். விகிதம் மாறினால் குடியிருப்பவர்களும் மாறுவார்கள்.

கேமரா காட்டாத ஒன்றை ‘இல்லை’ என்று எழுதாதீர்கள். பகலில் வளைக்குள் இருப்பவை இரவில் வெளியே வரும். கடற்பாசியும் கடற்புல்லும் பருவத்துக்கு ஏற்ப அடரும், மெலியும். ஆளைக் காணாவிட்டாலும் அடையாளம் இருக்கும்: துளை, சிறு மண்மேடு, ஊர்ந்த தடம், எச்சச் சுருள். அவற்றையும் எண்ணுங்கள்.

இறங்கிப் பார்க்காமல் தெரியவே வராதவை உண்டு. 2021 பிப்ரவரியில் அண்டார்டிகாவின் வெடல் கடலில் போலார்ஸ்டெர்ன் ஆய்வுக் கப்பல் கேமராவை இழுத்துக்கொண்டு போனபோது, தரையில் வட்ட வட்டமாகக் குழிகள் வரத் தொடங்கின. ஒவ்வொன்றும் சுமார் 75 செ.மீ. அகலம். பனிமீன்களின் கூடுகள். 240 சதுர கிலோமீட்டரில் ஏறத்தாழ 6 கோடிக் கூடுகள் இருக்கும் என்று மதிப்பிட்டார்கள். சுற்றிலும் உள்ளதைவிடக் கொஞ்சம் வெதுவெதுப்பான நீர் அந்தப் பகுதியில் பாய்கிறது. ஆழத்தை மட்டும் அளந்து திரும்பியிருந்தால் அது தட்டையான ஒரு படுகைதான். கேமராவோடு நீரின் வெப்பத்தையும் அளக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

7. படங்களைப் படித்தல்

ஆயிரக்கணக்கில் படம் சேர்ந்துவிடும். கலங்கல், மங்கல், தரையைத் தொடாதது எல்லாவற்றையும் முதலில் கழித்துவிடுங்கள். மிச்சத்தில், ஒவ்வொரு படத்தின் மேலும் 50 புள்ளிகளைக் கணினி தூவும். புள்ளிக்கு அடியில் என்ன என்று நீங்கள் சொல்ல வேண்டும். மணல், மணல், பவளம், மணல், கடற்பஞ்சு. பயிக்ல், கோரல்நெட் போன்ற இணையக் கருவிகளில் இதைச் செய்யலாம். அலுப்பான வேலைதான், ஆனால் கடல் உயிர்களை அடையாளம் காணும் கண் இதில்தான் வரும்.

உறுதியாகத் தெரியும் அளவுக்கு மட்டும் பெயர் வையுங்கள். கடற்பஞ்சைப் படத்தில் பார்த்து இனம் சொல்வது நிபுணர்களுக்கே கடினம்; அதன் உள்ளே உள்ள நுண்ணிய ஊசிகளைப் பார்க்க வேண்டும். ‘வெள்ளைக் கடற்பஞ்சு, கிண்ண வடிவம்’ என்று எழுதினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். தவறான லத்தீன் பெயர் எழுதினால் அது தரவுத்தளத்தில் ஏறிப் பல வருடம் வாழும். பத்தில் ஒரு பங்கு படங்களை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து ஒப்பிடுங்கள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத வகைகள் எவை என்று பார்த்தால் உங்கள் பட்டியலில் எந்த வகைகளை ஒன்றாக்கிவிட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

8. எல்லைக் கோடு போடுதல்

வாழிடங்களுக்கு நீங்களே பெயர் கண்டுபிடிக்க வேண்டாம். ஐரோப்பாவில் யூனிஸ், அமெரிக்காவில் 2012இல் வந்த செமெக்ஸ் என்று வகைப்பாடுகள் இருக்கின்றன. ஆழம், ஒளி எட்டுகிறதா, தரை எது, அதில் ஆட்சி செய்யும் உயிர் எது என்று படிப்படியாக இறங்கும் முறை. மேற்பரப்பு ஒளியில் 1 சதவீதம் எட்டும் ஆழத்தை ஒளிமண்டலத்தின் எல்லையாகப் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். உங்கள் கடலில் அமலில் உள்ள முறையை எடுத்துக்கொண்டால் பக்கத்து வரைபடத்தோடு ஒட்டும்.

இப்போது ஒலி அடுக்குகளையும் இறங்கிப் பார்த்த புள்ளிகளையும் இணைக்க வேண்டும். தெரிந்த புள்ளிகளிலிருந்து கற்றுக்கொண்டு மீதியை ஊகிக்கும் ரேண்டம் ஃபாரஸ்ட் போன்ற கணினி முறைகளுக்கு எல்லோரும் ஓடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் முதல் வரைபடத்தைக் கையால் வரையுங்கள். எதிரொலிப் படத்தின் மேல் புள்ளிகளை வைத்து, ஏன் இங்கே கோடு போடுகிறேன் என்று ஒவ்வொரு வளைவிலும் உங்களையே கேட்டுக்கொண்டு வரைந்தால், கணினி பிறகு தரும் வரைபடத்தில் எது அபத்தம் என்று பார்த்தவுடன் தெரியும். ஓட்டங்களின் கோட்டுக்கு இணையாகக் கோடு கோடாக ஒரு வாழிடம் வந்தால் அது வாழிடமல்ல, கருவியின் தழும்பு.

வரைபடம் சரியா என்று சோதிக்க, மூன்றில் ஒரு பங்கு புள்ளிகளை ஆரம்பத்திலேயே ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரே இறக்கத்தில் அடுத்தடுத்து எடுத்த படங்களில் ஒன்றைக் கணினி கற்கவும் மற்றதைச் சோதிக்கவும் வைத்தால், விடைத்தாளைப் பார்த்து எழுதிய பரீட்சை மாதிரி ஆகிவிடும். இறக்கம் முழுவதையும் ஒரு பக்கம் வையுங்கள்.

மொத்த மதிப்பெண்ணை நம்பாதீர்கள். 60 சோதனைப் புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். மணல் 40, அதில் 38 சரி. பாறை 10, அதில் 7 சரி. கடற்புல் 10, அதில் 3 சரி. மொத்தம் 48, அதாவது 80 சதவீதம். அறிக்கையில் நன்றாக இருக்கும். உங்கள் கேள்வியோ கடற்புல்லைப் பற்றியது. அதில் பத்துக்கு மூன்றுதான்! வகை வாரியாகச் சரி தவறு அட்டவணையைப் போட்டு, எது எதோடு குழம்புகிறது என்று பாருங்கள். கடற்புல் மணலோடு குழம்பினால் மெலிந்த புல் திட்டுகளுக்கு இன்னும் சில இறக்கங்கள் தேவை என்று அர்த்தம்.

இரண்டு பாதியும் பெரிய அளவில் சேர்ந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு, அமெரிக்காவின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால் உள்ள பிளேக் பீடபூமியைச் சொல்லலாம். 31 மல்டிபீம் அளவைகளையும் 23 ஆழ்கடல் இறக்கங்களையும் சேர்த்து, 2024இல் அங்கே 83,908 பவள மேடுகளைக் கணக்கிட்டார்கள். அந்தப் பகுதி 500 கி.மீ. நீளம், அகலமான இடத்தில் 110 கி.மீ. இதுவரை தெரிந்த ஆழ்கடல் பவள வாழிடங்களில் மிகப் பெரியது. மேட்டை எண்ணியது ஒலி. அது பவளம் என்று சொன்னது இறங்கிப் பார்த்த கண்.

9. கையிலிருந்து வெளியே விடும் முன்

வரைபடத்தோடு இன்னொரு வரைபடத்தையும் கொடுங்கள்: எங்கே எவ்வளவு உறுதி. பத்துப் படம் எடுத்த இடம் அடர்த்தியாகவும், ஒலியை மட்டும் நம்பி வண்ணம் அடித்த இடம் வெளிறியும் இருக்கட்டும். மணல் மெல்ல மெல்லச் சேறாக மாறும் இடத்தில் கத்தி போன்ற கோடு வேண்டாம், புள்ளிக்கோடு போதும். அளந்த தேதியைப் படத்தின் மேலேயே எழுதுங்கள். மணல் மேடுகள் நகரும், புயல் கடற்புல்லைப் பிய்க்கும்.

உயிரினப் பதிவுகளை ஓபிஸுக்கும் ஆழத் தரவை ஜெப்கோவுக்கும் அனுப்பலாம். கடல் அட்டை போல விலைபோகும் உயிர்கள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக வெளியிடுவதற்கு முன் யோசியுங்கள். கட்டத்தைப் பெரிதாக்கிக் கொடுத்தால் ஆய்வுக்கும் உதவும், திருடப் போகிறவனுக்கு வழியும் தெரியாது.

திருத்தாத மூலக் கோப்புகளை, ஒலி வேகப் பதிவு, ஓதப் பதிவு, கையெழுத்துக் குறிப்புப் புத்தகத்தின் படங்கள் உட்பட, இரண்டு இடத்தில் வையுங்கள். உங்கள் 2 கி.மீ. சதுரத்தில் மணல், புல், பாறை மூன்றையும் குறுக்கே வெட்டும் ஓட்டங்கள் இரண்டைத் தேர்ந்தெடுத்துக் குறித்துவையுங்கள். அடுத்த வருடம் அதே மாதத்தில், முழுப் பரப்பையும் அளக்கப் பணம் இல்லாவிட்டாலும், அந்த இரண்டு ஓட்டத்தையும் ஆறு கேமரா இறக்கங்களையும் ஒரே நாளில் முடித்துவிடலாம்.